ஏலம் எடுத்தவர் பணம் கட்ட மறுக்கிறார்: கார்டு விற்பவர் என்ன செய்யலாம்?

எடிசன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். கூடைப்பந்து கார்டுகளைச் சேர்ப்பதும், கையில் மிகுந்தவற்றை இணையத்தில் விற்பதும் சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. இதையே தொழிலாகச் செய்பவன் அல்லன் என்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் ஓர் ஆலோசனை கேட்க விரும்புகிறேன்.

விக்டர் வெம்பன்யாமாவின் 2023-24 பனினி ப்ரிசம் தொகுதி ரூக்கி கார்டு (அவருடைய முதல் பருவத்துக் கார்டு) ஒன்றை, தரமிடும் நிறுவனமான பிஎஸ்ஏ அதற்கு உச்ச மதிப்பான 10 தந்து, ஸ்லாப் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தந்த நிலையில், ஏலத்தில் விட்டிருந்தேன். ஏலம் 2025 பிப்ரவரி 19, புதன்கிழமை இரவு முடிந்தது. கடைசி அரை நிமிடத்தில் இருவர் மாறி மாறி ஏற்றியதில், விலை நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. மறுநாள், வெம்பன்யாமாவின் வலது தோளில் இரத்த உறைவு கண்டறியப்பட்டிருப்பதாகவும், இந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களில் அவர் ஆடமாட்டார் என்றே எதிர்பார்ப்பதாகவும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அறிவித்தது. அன்று மாலையே ஏலம் எடுத்தவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அவருடைய மகன் விளையாட்டாகப் பொத்தானை அழுத்திவிட்டானாம், ஆகவே விற்பனையை ரத்து செய்துவிட வேண்டுமாம். அந்தப் பையன் கடைசி அரை நிமிடத்தில் மிகவும் நிதானமாகத்தான் விலையை ஏற்றியிருக்கிறான் என்பதை ஏலப் பட்டியலே காட்டுகிறது.

பணம் இன்னும் வரவில்லை. அவரை வற்புறுத்துவதில் பயன் உண்டா, இரண்டாவதாக ஏலம் கேட்டவருக்கு அதே கார்டைக் கொடுக்கலாமா, இப்படிப் பின்வாங்குபவர் மீது ஏதாவது நடவடிக்கை உண்டா என்பவையே என் கேள்விகள். சில நூறு டாலர் விவகாரம்தான்; ஆனாலும் செய்தி நல்லதாக வந்திருந்தால் இவர் கார்டு இன்னும் ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டிருப்பார் என்ற எண்ணம் உறுத்துகிறது.

பழைய மட்டை:

நண்பருக்கு வணக்கம். நீங்கள் தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் நெடுநாளாக விற்றுவருவது ஈபேயில் என்பதால், அதன் விதிகளை வைத்தே சொல்கிறேன். மற்றத் தளங்களில் நாள் கணக்கு மாறலாம், போக்கு பெரும்பாலும் இதுதான்.

முதலில் வற்புறுத்தலை விட்டுவிடுங்கள். வாங்க மனமில்லாதவரிடம் கட்டாயப்படுத்தி விற்ற கார்டு, பத்து நாள் கழித்து, சொன்னபடி இல்லை என்ற புகாரோடு உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். அப்போது போகவரத் தபால் செலவும் உங்கள் தலையில் விழும். இன்று அவர் பணம் கட்டாமல் இருப்பதால் உங்களுக்கு நேரம்தான் நட்டம். கார்டு உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது.

விதியைப் பொறுத்தவரை, ஏலம் எடுத்தவருக்குப் பணம் கட்ட நான்கு நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் வராவிட்டால், பணம் செலுத்தப்படவில்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து நீங்களே ரத்து செய்யலாம். தளத்தின் கட்டணம் உங்களுக்குத் திரும்ப வரவு வைக்கப்படும், அவருடைய கணக்கிலும் ஒரு குறி விழும். அந்தக் குறிக்குப் பயன் இல்லாமல் இல்லை. கடந்த 12 மாதங்களில் இருமுறை பணம் கட்டாமல் விட்டவர்கள் என் பொருள்களை வாங்க முடியாதபடி என் கணக்கில் தடை வைத்திருக்கிறேன். உங்கள் அமைப்புகளிலும் இதைச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு விற்பனையாளரும் இரக்கப்பட்டு அந்தக் குறியைப் போடாமல் விட்டால், இந்தத் தடை வெறும் அலங்காரமாகிவிடும். எதிர்மறைக் கருத்து எழுதித் திட்டலாம் என்று நினைத்திருந்தால், அந்த வழி 2008-லேயே அடைக்கப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து விற்பவர் வாங்குபவரைப் பற்றி நல்ல கருத்து மட்டுமே பதிய முடியும். ஆகையால் நான்கு நாள் பொறுத்து, குறியைப் போட்டு, தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

இரண்டாவதாகக் கேட்டவருக்கு, அவர் கேட்ட அதிகபட்ச விலையிலேயே, மறுவாய்ப்பு அனுப்ப முடியும். ஆனால் தோள்பட்டைச் செய்தியை அவரும் படித்திருப்பார்.

இனிமேலாவது, விலை ஆட்டக்காரரின் உடம்பையும் அன்றன்றைய ஆட்டத்தையும் சார்ந்து ஏறி இறங்கும் கார்டுகளை ஏலத்தில் விடாதீர்கள். நிலையான விலை வைத்து, உடனடிப் பணம் கட்டாயம் என்ற தேர்வைப் போட்டுவிட்டால், பணம் வந்த பிறகுதான் கார்டு விற்றதாகவே கணக்காகும். அதற்கு முன் ஒருவர் மனம் மாறினால் உங்களுக்குத் தெரியக்கூட வராது. பேரம் வேண்டுமென்றால், வாங்குபவர் தம் விலையைச் சொல்லிக் கேட்கும் பெஸ்ட் ஆஃபர் இருக்கிறது. அதிலும் பணம் செலுத்தும் வழியை முன்கூட்டியே பதியச் சொல்வதால், கேட்டுவிட்டு ஓடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏலம் என்பது ஓய்வு பெற்றவர்களின் கார்டுகளுக்கும், ஒப்பிட வேறு விற்பனையே இல்லாத அரிய கார்டுகளுக்கும் பொருத்தமானது. ஒரு கார்டு வாரம் முழுவதும் பத்துப் பேரிடம் கிடைக்கும்போது அதை ஏலம் விடுவதால் உங்களுக்கு வரும் கூடுதல் லாபம் சொற்பம்.

சான்ஹோசே நளினி:

பழைய மட்டை அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். எனினும் நான்கு நாள் காத்திருந்து குறி போடச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் விற்பதைவிட வாங்குவதே அதிகம் என்பதால், மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

மகன் அழுத்திவிட்டான் என்பது பொய் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் மறுநாளே கேட்டுவிட்டார். சத்தமில்லாமல் நான்கு நாளை ஓட்டுபவரும் இவரும் ஒன்றல்லர். இருவருக்கும் ஒரே குறி என்றால், அடுத்த முறை இவர் ஏன் சொல்ல வேண்டும்? விற்பவருக்கும் இதில் நட்டம்தான். செய்தியால் விலை சரியும்போது ஒவ்வொரு நாளும் கார்டு மலிவாகிறது. ஒருவருக்குப் பாடம் புகட்ட நான்கு நாள் கார்டை முடக்கி வைப்பது, நம் கைக்காசைச் செலவழித்துத் தண்டனை கொடுப்பதாகும். வாங்குபவரே கேட்டுக்கொண்டார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் அன்றே ரத்து செய்யலாம். விற்பவர் கணக்கிலும் குறை விழாது. பொருள் இருப்பில் இல்லை என்ற காரணத்தை மட்டும் தவறியும் அழுத்திவிடாதீர்கள். அது விற்பவர் மீதான குறையாகப் பதிவாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கே யாரும் பேசுவதில்லை. ஏலம் குறைந்த விலையில் முடிந்துவிட்டால், கார்டின் மூலை மடங்கிவிட்டது என்றும், பெட்டியைத் தேடினேன் காணவில்லை என்றும் சொல்லிப் பின்வாங்கும் விற்பனையாளர்கள் எத்தனை பேர்! அதே கார்டு, தரமிட்ட நிறுவனம் அதற்குக் கொடுத்த அதே சான்று எண்ணோடு, அடுத்த வாரமே கூடுதல் விலையில் பட்டியலில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பின்வாங்குவது வாங்குபவர்களின் பழக்கம் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான்.

வாங்குபவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் மோசடிக்காரர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரே கார்டின் பல பிரதிகள் சில நிமிட இடைவெளியில் ஏலம் முடியும்படி பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்று கைநழுவும் என்று நினைத்து மூன்றில் கேட்டு வைப்பார்கள், மூன்றும் அவர்களுக்கே கிடைத்துவிடும். மலிவானதற்குப் பணம் கட்டிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள். இது ஒழுங்கீனம்தான், மறுக்கவில்லை. ஏலம் முடிவதற்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது, தொகையைத் தவறாகத் தட்டச்சு செய்தது போன்ற தகுந்த காரணம் இருந்தால், கேட்டதைத் திரும்பப் பெறலாம். கடைசி 12 மணி நேரத்தில் என்றால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். இந்த விதியைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

எடிசன்வாசி:

இருவருக்கும் நன்றி. நேற்று இரண்டாவதாகக் கேட்டவருக்கு மறுவாய்ப்பு அனுப்பினேன். செய்தி வெளியாகிவிட்டதால் அந்த விலைக்கு விருப்பமில்லை என்று மரியாதையாகவே பதில் எழுதினார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வெல்லவில்லை, ஆகவே கடமையும் இல்லை.

முதலாமவர் விஷயத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை. நளினி அவர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது. ஆனால் விலை சரிகிறது என்ற அவசரம் எனக்கு இல்லை. விற்கவில்லை என்றால் அடுத்த பருவம் தொடங்கும் அக்டோபர் வரை கார்டை வைத்திருக்கவே எண்ணுகிறேன். எனவே நான்கு நாள் காத்திருப்பதால் எனக்கு இழப்பு இல்லை.

வேறு இரண்டு ஐயங்கள். ஏலத்தில் வென்றது ஒப்பந்தம் என்று தளமே சொல்கிறது. அப்படியானால் சட்டப்படி அவரிடம் விலை வித்தியாசத்தைக் கேட்க முடியுமா? கேட்கப்போகிறேன் என்று சொல்லவில்லை, தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன். அடுத்து, என் கார்டு அந்த உயர்ந்த விலைக்கு விற்றதாகவே முடிந்த விற்பனைகளின் பட்டியலில் இன்னமும் தெரிகிறது. நடக்காத விற்பனை எப்படி விலையாகும்?

ராலே செல்வம்:

நான் வழக்குரைஞன் அல்லன். ஒப்பந்தங்களோடு பழகும் கொள்முதல் துறையில் வேலை செய்கிறேன் என்ற அளவில் முதல் ஐயத்துக்குப் பதில் சொல்கிறேன்.

யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் இரண்டாம் பகுதி, பொருள் விற்பனையைப் பற்றியது. லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் அதை ஏற்றிருக்கின்றன. அதன் 2-328 ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று சொல்லிச் சுத்தியல் விழும் வரை ஏலம் கேட்டவர் பின்வாங்கலாம். விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது. இணைய ஏலத்தில் சுத்தியல் கடிகாரத்தின் கையில் இருக்கிறது என்பதும், தளத்தின் சொந்த விதிகள் இதற்கு மேல் கட்டுப்பாடு வைக்கலாம் என்பதும்தான் வேறுபாடு. வாங்குபவர் ஒப்பந்தத்தை மீறினால், 2-706 ஆம் பிரிவின்படி, விற்பவர் அதே பொருளை நேர்மையாகவும் வணிக முறைப்படியும் மறுவிற்பனை செய்து, முதல் விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வாங்குநரிடம் கேட்கலாம். பொது ஏலமாக இல்லாமல் தனிப்பட்ட முறையில் மறுவிற்பனை செய்வதானால், அவ்வாறு செய்யப்போவதை அவருக்கு முன்னதாகத் தெரிவித்திருக்க வேண்டும்.

ஏட்டில் உரிமை இருக்கிறது, நடைமுறையில் எட்டாது. நியூ ஜெர்சியின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 5,000 டாலர் வரை கேட்கலாம் என்பதால் தொகை தடையில்லை. எதிராளி வேறு மாநிலத்தில் இருந்தால், அவரை இங்கே இழுப்பது எளிதன்று; பெரும்பாலும் அவர் ஊர் நீதிமன்றத்துக்கே நீங்கள் போக வேண்டியிருக்கும். விமானச் சீட்டுக்கு ஆகும் செலவில் இன்னொரு வெம்பன்யாமா வாங்கிவிடலாம். நீங்கள் அக்டோபர் வரை விற்கப்போவதில்லை என்றால், மறுவிற்பனை இழப்பு என்ற கணக்கே எழாது. அவருடைய மகன் கதை உண்மையாகவே இருந்து, அவன் சிறுவனாகவும் இருந்தால், அது வேறு சிக்கல்.

பழைய மட்டை:

செல்வம் அவர்கள் தெளிவாக எழுதிவிட்டார். இரண்டாவது ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சில் எல்லோரும் கவனிக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கார்டுகளுக்கு அச்சிட்ட விலை கிடையாது. அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதே விலை. நாம் காம்ப்ஸ் என்று சொல்வது அதைத்தான். ஏலம் முடிந்தவுடன் அது விற்றதாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. பணம் வந்ததா என்பதைப் பார்த்து அது ஏறுவதில்லை. ஆகையால் உங்கள் கார்டு, நடக்காத விற்பனையாகவே, அடுத்து விற்பவர் ஒருவருக்கு ஆதாரமாகப் பயன்படும். இதைத் தெரிந்தே பயன்படுத்துபவர்களும் உண்டு. ஒரே கார்டின் பல பிரதிகளை வைத்திருப்பவர், ஒன்றை ஏலத்தில் விட்டு, நண்பரை வைத்து விலையை ஏற்றி, பணம் கட்டாமல் விட்டுவிட்டு, மற்றவற்றை அந்த விலையைக் காட்டி விற்கப் பார்ப்பார். எனவே ஒரு விலை மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாக உயர்ந்து நின்றால், அந்தக் கார்டின் சான்று எண்ணைப் பாருங்கள். பிஎஸ்ஏ ஸ்லாபின் மேல்பட்டையில் அது அச்சிட்டிருக்கும். சில நாள்களில் அதே எண் மறுபடியும் விற்பனைக்கு வந்திருந்தால், முதல் விற்பனை நடந்திருக்க வாய்ப்புக் குறைவு.

போலி ஏலக்குரல் இணையம் கொண்டுவந்த நோய் அன்று. கார்டு ஏலத்தில் ஒரு காலத்தில் மிகப் பெரிய பெயராக இருந்த பில் மாஸ்ட்ரோ, தம் நிறுவனத்தின் ஏலங்களில் பொய்யாக விலை ஏற்றியதை 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் தம் அணி உரிமையாளர் ப்ரூஸ் மெக்னாலோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கிய, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற கார்டின் ஓரத்தைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் மாஸ்ட்ரோ அந்த வழக்கில்தான் ஒப்புக்கொண்டார். பெரிய ஏல நிறுவனத்திலேயே அப்படி என்றால், யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கும் இடத்தில் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

விலைச் சரிவு பின்வாங்கலைக் கொண்டுவருவதும் புதிதன்று. ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட 1986 மைக்கேல் ஜோர்டன் கார்டு, பிஎஸ்ஏ 10 தரத்தில், 2021 ஜனவரி இறுதியில் கோல்டின் என்ற ஏல நிறுவனத்தில் 7,38,000 டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே தரக் கார்டு அதில் பாதி விலைக்கும் போகவில்லை. அந்த ஏற்றத்தில் புதிதாக வந்தவர்கள் இறக்கத்தில் என்ன செய்தார்கள் என்பதை அப்போது விற்றுக்கொண்டிருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

நளினி அவர்களுக்கு ஒரு சொல். விற்பவர்களின் பின்வாங்கல் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உடனே எழுதிக் கேட்பவரை வேறு விதமாக நடத்த வேண்டும் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். உண்மையான காரணத்தை எழுதியிருந்தால் நானும் அன்றே விட்டுவிடுவேன். விலை இறங்கிவிட்டது, தாங்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் மேல் பழி போடுபவரிடம்தான் எனக்கு மனம் இறங்க மறுக்கிறது.

கடைசியாக, பணம் கட்டிவிட்டு, கார்டு கைக்கு வந்த பிறகு பின்வாங்குபவர்களுக்காக உங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். உண்மையில் செலவு வைப்பது அதுதான். ஈபேயில் பொருள் சேர்ந்து 30 நாள் வரை, சொன்னபடி இல்லை என்று புகார் கொடுக்கலாம். ஸ்லாபின் மூலையில் கீறல் இருக்கிறது என்பதும், தரமிடாத கார்டாக இருந்தால் மேற்பரப்பில் அச்சுக்கோடு தெரிகிறது என்பதும் வழக்கமான புகார்கள். ஆகவே அனுப்பும் முன் நான்கு மூலைகளையும், சாய்ந்த வெளிச்சத்தில் மேற்பரப்பையும், சான்று எண்ணையும் படம் எடுத்து, அவற்றைப் பட்டியலிலேயே போட்டுவிடுவேன். தரமிடாத கார்டை மெல்லிய உறையில் இட்டு, டாப் லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, அதன் வாயை நீல நிறப் பெயிண்டர் டேப்பால் ஒட்டுவேன். டேப்பின் நுனியைச் சிறிது மடித்துவிட்டால் பிரிப்பவர் நகத்தால் சுரண்டிக் கார்டைக் கெடுக்கமாட்டார். சாதாரண ஒட்டுநாடா பசையை விட்டுச்செல்லும், அதுவே ஒரு புகாராகும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபால் கட்டாயம். அது இல்லாமல், கார்டு வரவில்லை என்ற புகாரை வெல்ல முடியாது.

சான்ஹோசே நளினி:

பழைய மட்டை அவர்கள் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்கு மகிழ்ச்சி. காரணத்தில் பொய் இருந்தாலும் நான் விட்டுவிடுவேன். அது அவரவர் மனம். டேப் நுனியை மடிப்பவர்கள் மீது வாங்குபவர்களாகிய எங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

பேபாலில், தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்புவதற்கான ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி வழியாகப் பணம் அனுப்பினால் வாங்குபவர் பின்வாங்க முடியாது என்று சொல்லி, ஃபேஸ்புக் குழுக்களில் பலர் விற்கிறார்கள். அதைத் தீர்வாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குபவருக்குப் பாதுகாப்பே இல்லாத வழி அது. நேர்மையான விற்பனையாளரிடம்கூட அப்படி வாங்க, தெரிந்தவராக இருந்தால் ஒழிய, நான் உடன்படமாட்டேன்.

எடிசன்வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: காரணம் எதுவாக இருந்தாலும் சரி, தளத்தின் ரத்துக் கோரிக்கைப் பக்கம் வழியாக முறையாகக் கேட்டால் உடனே ஏற்றுக்கொள்கிறேன், கேட்காவிட்டால் நான்கு நாள் முடிந்ததும் பணம் கட்டவில்லை என்ற காரணத்தோடு ரத்து செய்வேன் என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் கோரிக்கை வந்தது, ஏற்றுக்கொண்டேன். கோரிக்கையில் மகனைப் பற்றிய பேச்சே இல்லை. தடைப்பட்டியலில் மட்டும் அவரைச் சேர்த்துவிட்டேன். இருமுறை பணம் கட்டாதவர்களுக்கான தடையையும் இன்றே அமைத்தேன். கார்டு அக்டோபரில், நிலையான விலையில், உடனடிப் பணம் என்ற தேர்வோடு பட்டியலுக்கு வரும்.